ஜூன் ஒன்றாம் தேதி பிறந்த பதினேழு பிள்ளைகள்

ஜமுனாமரத்தூர் பேருந்து நிலையத்தை ஒட்டிய தொண்டு நிறுவன அலுவலகத்தில், காலை பத்தரை மணிக்கு, கல்பனா மடிக்கணினியை அடித்து மூடினாள். எதிர் மேசையில் சத்துணவுப் பொட்டலங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த மேற்பார்வையாளர் ஆனந்தி திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னாச்சிடீ?"

"நன்றி சொல்லிக்கீறான்க்கா. கும்பிடு போடற பொம்மை வேற வெச்சி."

நன்றி சொன்னதற்கா இத்தனை ஆத்திரம் என்று ஆனந்தி கேட்கவில்லை. இரண்டு வாரமாக இந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள். விஷயம் இதுதான். மலைக்கிராமங்களில் குழந்தைகளை எடை போடுவது கல்பனாவின் வேலை. பிறந்த தேதியையும் எடையையும் 'தளிர்' என்ற செயலியில் ஏற்றினால் அது பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு நிறம் காட்டும். பச்சை என்றால் குழந்தை நன்றாக இருக்கிறது, பொட்டலம் கிடையாது. மஞ்சளுக்கும் சிவப்புக்கும்தான் பொட்டலம். தளிரை எந்தக் கம்பெனியும் விற்கவில்லை. அதன் நிரல் முழுவதும் இணையத்தில் திறந்து கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் ஒரு பிரதி எடுத்துத் திருத்தலாம், திருத்தியதைத் திருப்பி அனுப்பலாம். சேர்ப்பதா வேண்டாமா என்பதை மட்டும் பெங்களூரில் உட்கார்ந்திருக்கும் கோகுல்ராஜ் என்பவன் முடிவு செய்வான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கதவெல்லாம் திறந்த வீடு, ஆனால் உள்ளே போக ஒருத்தன் தலையாட்ட வேண்டும்.

தளிருக்குப் பிறந்த தேதி இல்லாமல் ஒரு அடி நகரத் தெரியாது. கார்த்திகை மாதம் பிள்ளைகளைப் பதிவு செய்யப் போன அன்று, பிறப்பு அட்டை இல்லாத பிள்ளைகள் பதினேழு பேர். வீட்டிலேயே பிறந்தவர்கள் சிலர், அட்டை மழையில் நனைந்து போனவர்கள் சிலர். தாய்மார்களுக்குத் தேதி தெரியாதே தவிர, காலம் தெரியாமல் இல்லை. சாமை விதைக்கும்போது என்றார்கள், கேழ்வரகு கதிர் அறுக்கும்போது என்றார்கள், புளி உலுக்கும்போது என்றார்கள். சாமைக்கும் கேழ்வரகுக்கும் செயலியில் கட்டம் ஏது? மழை வேறு வரப் பார்த்தது. கல்பனா பதினேழு பேருக்கும் ஜூன் ஒன்று என்று அடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனாள். அது பள்ளிக்கூடத்தில் தேதி தெரியாத பிள்ளைக்கெல்லாம் வாத்தியார் எழுதிவிடும் தேதி. கல்பனாவின் சான்றிதழிலும் ஜூன் ஒன்றுதான், அவள் அப்பாவின் அட்டையிலும் அதுதான்.

இரண்டு வாரத்துக்கு முன் வெள்ளையம்மாளின் மகள் கலைவாணியை எடை போட்டபோதுதான் அவளுக்கு உறைத்தது. ஆறு கிலோ எழுநூறு கிராம். தளிர் பச்சை காட்டியது. குழந்தையைத் தூக்கிக்கொண்டே வெள்ளையம்மாள் பேச்சுவாக்கில் சொன்னாள். "இது பொறந்தப்ப புளி உலுக்கினாங்க, மறுபடியும் உலுக்க வந்துட்டாங்க. வருஷம் திரும்பிப்போச்சி, இது இன்னும் நிக்க மாட்டேங்குது." கல்பனா அங்கேயே விரல் விட்டு எண்ணினாள். செயலியின் கணக்கில் ஒன்பது மாதம். நிஜத்தில் பதின்மூன்று. ஒன்பது மாதத்துக்குப் போதுமான எடை பதின்மூன்று மாதத்துக்குப் போதாது. பொட்டலம் தின்றிருக்க வேண்டிய பிள்ளை நான்கு மாதமாகப் பச்சையில் காய்ந்துகொண்டிருந்தது. தேதியைத் திருத்தலாம் என்றால், ஒருமுறை ஏற்றிய தேதியை மாற்ற தளிர் விடாது.

அன்று மாலையே தளிரின் இணையப் பக்கத்தில் பிழையைப் பதிவு செய்தாள். திருப்பத்தூர் கல்லூரியில் கணினி படித்தவள், நிரல் வாசிக்கத் தெரியும். பங்களிப்போருக்கான விதிகளை ஒருவரி விடாமல் படித்தாள். முதலில் பிழையைத் தெரிவி, சிறிய மாற்றமாகச் செய், சோதனை எழுது, பண்பாகப் பேசு. முதல் விதியை அப்படியே செய்தாள், பண்பு உட்பட. அதற்குத்தான் இன்று காலை அந்தக் கும்பிடு. கோகுல்ராஜ் தரவைப் பார்த்தானாம். ஒரே ஊரில் பதினேழு பிள்ளைகள் ஒரே நாளில் பிறந்திருப்பதைக் கண்டுபிடித்தானாம். களப்பணியாளர்களின் அலட்சியத்தைத் தடுக்க, ஒரே தேதியை மூன்று முறைக்கு மேல் ஏற்ற முடியாதபடி நிரலை மாற்றிவிட்டானாம். பிழை தீர்ந்தது என்று பதிவையும் மூடிவிட்டான்.

"இனிமே ஜூன் ஒண்ணு, ஜூன் நாலு, ஜூன் ஒம்போதுன்னு தினுசு தினுசா பொய் எழுதலாம்க்கா" என்றாள் கல்பனா. "இதுவரைக்கும் பொய்யின்னு பாத்தாவது தெரிஞ்சிது. இவன் அதையும் மூடி மெழுகிட்டான்."

அடுத்த எட்டு நாள் அவள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. தளிரின் பிரதி ஒன்றை எடுத்துத் தானே திருத்தினாள். தேதி தெரியாவிட்டால், ஏற்கெனவே ஏற்றிய தேதியை அழித்துவிட்டும்கூட, பருவத்தைத் தேர்ந்தெடுக்கலாம். சாமை விதைப்பு, கேழ்வரகு அறுப்பு, புளி உலுக்கல் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே மாதங்கள். அந்த மாதங்களில் எது முந்தியதோ அதை வைத்து வயதைக் கணக்கிடும். தவறினாலும் ஒரு பொட்டலம் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான், குழந்தை காயாது. திருத்தத்தை அனுப்பிய மறுநாள் கோகுல்ராஜே போனில் அழைத்தான்.

"நானும் உங்க மலையடிவாரம், படவேடுதாங்க. மலைய பத்தி எனக்குத் தெரியாம இல்ல" என்றான். குரல் மரியாதையாக இருந்தது. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. "தேதிய தளர்த்தினா டேட்டா கெட்டுடும். ஃபீல்டுல இருக்கறவங்களுக்கு கொஞ்சம் ட்ரெயினிங் குடுத்தா போதுங்க."

"ட்ரெயினிங் குடுத்தா பெத்தவளுக்குத் தேதி ஞாபகம் வந்துடுமாங்க?"

"சம்பளம் வாங்காம, வேலை முடிச்சி வந்து இத பாக்கறேங்க. கோவப்படாதீங்க. நெஜமா நடந்த ஒரு கேஸ் குடுங்க. எந்த எடத்துல தப்பு நடக்குதுன்னு வரிசையா எழுதுங்க. பாக்கறேன்."

எழுதினாள். ஒன்று, தாய்க்குத் தேதி தெரியாது. இரண்டு, புளி உலுக்கும் காலம் என்று தாய் சொல்கிறாள். மூன்று, பணியாளர் ஜூன் ஒன்று என்று ஏற்றுகிறார். அங்கே அவள் விரல் நின்றது. எந்தப் பணியாளர்? மூன்று வாரமாகக் கோகுல்ராஜைத் திட்டிக்கொண்டே மலையேறி இறங்கியிருக்கிறாள். அவன் பங்கு அவனுக்கு உண்டு, அதில் ஒரு குன்றிமணி குறைக்க அவள் தயாராக இல்லை. ஆனால் அந்தக் கட்டத்தில் தேதியை அடித்தது அவன் விரல் இல்லை. மழைக்குப் பயந்து அடுத்த ஊருக்கு ஓடியதும் அவன் இல்லை. வெட்கமும் ஆத்திரமும் சேர்ந்து அவளுக்கு முகம் கொதித்தது. 'பணியாளர்' என்பதை அழித்துவிட்டு 'நான்' என்று எழுதி அனுப்பினாள்.

நான்கு நாளாகியும் பதில் இல்லை. ஐந்தாம் நாள், தான் திருத்திய பிரதியைத் தன் போனில் ஏற்றிக்கொண்டாள். அதற்கு யார் தலையாட்டலும் தேவையில்லை, விதியே அப்படித்தான் சொல்கிறது. ஆனந்திதான் தயங்கினாள்.

"உம்போன்ல வர்ற மஞ்சள ஆபீஸ் ஒத்துக்குமா?"

"ஒத்துக்கலன்னா எம்பேர எழுதிக்கோக்கா. நான் பதில் சொல்லிக்கறேன்."

வெள்ளையம்மாள் வாசலில் புளி ஓடு உடைத்துக்கொண்டிருந்தாள். குழந்தையை எடைத்தூளியில் வைத்தார்கள். அதே ஆறு எழுநூறு. கல்பனா பருவத்தைத் தேர்ந்தெடுத்தாள். திரை மஞ்சளானது.

"மஞ்சள்னா நல்லதா?" என்று வெள்ளையம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"இல்லக்கா. எடை பத்தல. நாலு மாசமாவே பத்தல."

"நாலு மாசமா பச்சைன்னுதானே சொல்லிகினு இருந்த?"

செயலியைச் சொல்லியிருக்கலாம். கோகுல்ராஜின் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. "தேதி தப்பாயிடுச்சிக்கா. நான்தான் தப்பா போட்டேன்."

வெள்ளையம்மாள் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தாள். "புளி உலுக்கற சமயம்னு அன்னிக்கே சொன்னனே" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "நீ அந்த செல்போன வுட்டு தலையே தூக்கல. எம்புள்ளைய ஒரு தரம் நிமிந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்காதா? தேதியா கேக்கணும்?"

கல்பனா பொட்டலங்களை எடுத்து நீட்டினாள். வெள்ளையம்மாள் கையை நீட்டவில்லை.

"அங்க வை."

கல்பனா தரையில் வைத்தாள். தூளியிலிருந்து இறக்கிவிட்ட கலைவாணி புளி ஓடுகளின் மேல் தவழ்ந்து வந்து ஒரு பொட்டலத்தைப் பிடித்தாள். திருப்பிப் பார்த்தாள். மூலையை வாயில் வைத்து, முளைத்திருந்த நான்கு பற்களால் கடித்து இழுத்தாள். பொட்டலம் கிழியவில்லை. குழந்தை விடவும் இல்லை.