குணமடைந்த நானூற்றுப் பன்னிரண்டு பேர்

அட்டவணையைப் பார்த்த அன்றே தனுஷிகாவுக்கு உறுத்தியது. கையில் அடிபட்டு பிசியோதெரபிக்கு வந்த சிங்கப்பூர்க்காரர்கள் குணமாக, சராசரியாக ஒன்பது தடவை வந்திருக்கிறார்கள். வெளிநாட்டு ஊழியர்களோ இரண்டே தடவையில் குணமாகிவிட்டார்கள். நானூற்றுப் பன்னிரண்டு பேர், ஒருவர் பாக்கியில்லாமல்! பூப்பந்து ஆடி மணிக்கட்டு சுளுக்கியவருக்கு ஒன்பது வேண்டுமாம், இரும்புச் சங்கிலியில் விரல் நசுங்கியவனுக்கு இரண்டே போதுமாம். கேட்பவன் கேனையனா?

பொதுச் சுகாதாரத் தரவுகளை ஆராயும் அந்த அலுவலகத்தில் அவளுடைய மேலதிகாரி சுந்தரேசன். அவருக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்த மகிழ்ச்சி.

"உழைச்ச உடம்பு லா, சீக்கிரம் ரிக்கவர் ஆயிடுறாங்க. இனிமே அவங்களுக்கு ரெண்டு செஷன் போதும்னு ரெகமண்ட் பண்ணிடலாம்."

அறிக்கை திங்கட்கிழமை, சிகிச்சை விதிகளை முடிவுசெய்யும் குழுவுக்குப் போக வேண்டும்.

ஞாயிறு மதியம் லிட்டில் இந்தியாவில் சாப்பாட்டுக்கடை நிரம்பி வழிந்தது. தனுஷிகாவுக்குக் கிடைத்த நாற்காலிக்கு எதிரே ஒருவர் இலைச்சோற்றை இடது கையால் அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து மேசைக்காரர் முகம் சுளித்தார். மனிதர் தலை நிமிரவில்லை. அவருடைய வலது கை மடியில் விறைத்துக் கிடந்தது, விரல்கள் மடங்கவே இல்லை.

"தெரபிக்குப் போகலையாண்ணே?"

"ரெண்டு தடவ போனேம்மா. மூணாவதுக்கு சூப்பர்வைசர் விடல. நாங்க தங்கியிருக்கிற கிராஞ்சி டார்மிட்டரிலேருந்து லாரி சைட்டுக்குத்தான் போகும், ஆஸ்பத்திரிக்கா போகும்?"

பெயர் அண்ணாதுரை என்றார்.

திங்கள் காலை முதல் வேலையாகத் தேதிகளைப் பார்த்தாள். நானூற்றுப் பன்னிரண்டு பேரும் மூன்றாம் தடவைக்கு வராமல் போன அதே நாளில்தான் 'குணமடைந்தார்' ஆகியிருந்தார்கள். மருத்துவமனையில் இந்த விவரங்களைப் பதிவு செய்யும் பவித்ராவைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"கேஸ மூடணும்னா ஒரு காரணம் போடணும் அக்கா. லிஸ்ட்ல 'குணமடைந்தார்'தான் மொதல்ல வரும், கிளிக் பண்ணிடுவோம்."

"உள்ளூர்க்காரங்க வரலைன்னா?"

"ஃபோன் பண்ணி வேற டேட் குடுப்போம். இவங்களுக்கு கம்பெனி நம்பர்தான் இருக்கும், யாரும் எடுக்க மாட்டாங்க."

தனுஷிகா தொலைபேசியை வைத்தாள். மனிதனை மூடிவிட்டு, அதற்குக் குணம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்! நேராகச் சுந்தரேசன் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"ஒரு அடிக்குறிப்பு போட்டுடலாம் லா," என்றார் அவர். "யாரோ ஒருத்தர் கைய வெச்சு மொத்த டேட்டாவையும் தப்புங்கிறதா?"

தனுஷிகா தன் இடத்துக்குத் திரும்பினாள். பரிந்துரையை அழித்தாள். அந்த இடத்தில் இரண்டே வரி எழுதினாள்: 'இவர்களில் எவரும் குணமடைந்ததற்கு ஆதாரமில்லை. நாங்கள் ஒருவரையும் விசாரிக்கவில்லை.' குழுவுக்கு அனுப்பிவிட்டாள்.

ஐந்து நிமிடத்தில் சுந்தரேசன் ஓடிவந்தார்.

"என் பேரும் அதுல இருக்கே!"

"என் பேரும் இருக்கு சார்," என்றாள் தனுஷிகா. "நாம ரெண்டு பேருமே விசாரிக்கல."