துளசிங்கத்தின் முன்பல்

வெள்ளிக்கிழமை மாலை வகுப்பில் ஆதிமனிதர்களின் பற்களைப் பற்றிப் பாடம். ஐரோப்பாவின் குகைகளில் கிடைத்த நியாண்டர்தால் மனிதர்களின் முன்பற்களில் மெல்லிய சாய்கோடுகள் இருக்கின்றனவாம். தோலையோ இறைச்சியையோ பல்லில் கவ்விக்கொண்டு கூரான கல்லால் அறுத்தபோது, கல் தவறிப் பல்லில் பட்ட கீறல்கள். கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, அறுத்தது வலது கையா இடது கையா என்றுகூடச் சொல்லிவிடுகிறார்கள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். புரிந்ததா என்பது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை வள்ளிநாயகி அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். முன்பு வந்த இருவரும் கல்யாணத்துக்குப் பிறகு தறி எதற்கு என்று கேட்டதால் அக்கா மறுத்துவிட்டாள். நெய்வதைக் கைவிட அவளுக்கு மனமில்லை. இந்த மாப்பிள்ளை துளசிங்கத்துக்கோ சென்னையில் கம்பெனி ஆபீசில் வேலை என்று தரகர் சொல்லியிருந்தார். "இதையும் தட்டிவுட்டா இனிமே நான் யாரையும் கூப்ட மாட்டேன்" என்று நைனாவும் சொல்லிவிட்டார். அக்கா கேசரி கிண்டப் போனாள்.

நான் கேசரித் தட்டை நீட்டியபோது துளசிங்கம் சிரித்தார். மேல் முன்பல்லின் விளிம்பில் சின்னப் பள்ளம். தறியில் அறுந்த இழையை முடிந்து, மிச்ச நூலைக் கடித்துக் கடித்து நைனா, அக்கா, நான் மூவருக்கும் விழுந்திருக்கும் அதே பள்ளம். ஆனால் எங்களுக்கு வலது பல்லில். அவருக்கு இடது பல்லில்.

விழுந்து உடைந்ததாகவும் இருக்கலாம். ஒரு பல்லை வைத்து முடிவு கட்டக் கூடாது. இன்னொரு சான்றுக்காக அவர் வாயையே பார்த்தபடி நின்றேன்.

"இன்னா கோமளா, மாப்பிள்ளை பல்லை எண்ணிகினு கீறியா?" என்றார் நைனா.

அப்போது துளசிங்கம் காபி டம்ளரை வாங்க இடது கையை நீட்டினார். அவருடைய அம்மா ஜெயம்மாள் தொடையில் கிள்ளினார். "சோத்துக் கைடா."

ஒரு பல், ஒரு கை. இது போதுமா என்று தெரியவில்லை. தவறாக இருந்தால் சம்பந்தமே கெட்டுவிடும். ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"நீங்க தறி நெய்வீங்களா பாவா?"

"கல்யாணமே ஆகல, அதுக்குள்ள பாவாவா?" என்றார் ஜெயம்மாள். தரகர் இருமினார்.

துளசிங்கம் டம்ளரைக் கீழே வைத்தார். "யாருங்க சொன்னது?"

"உங்க பல்லுதாங்க. நூல் கடிச்ச பள்ளம். நீங்க இடது கைக்காரரு, அதான் அந்தப் பக்கம் விழுந்துகீது."

அவர் தரகரைப் பார்த்தார், பிறகு நைனாவை. "ஆங், தறிதாங்க. ஆபீஸ் வேலைன்னு சொன்னாதான் இந்த வீட்ல உக்கார வைப்பாங்கன்னு தரகரு சொன்னாரு. நானும் சும்மா இருந்துட்டேன். தப்புதாங்க."

நைனாவின் முகம் இறுகியது. அவர் வாய் திறப்பதற்குள் அக்கா கரண்டியோடு கூடத்துக்கு வந்துவிட்டாள்.

"எத்தனை தறி?"

"ரெண்டுங்க."

"கல்யாணத்துக்கு அப்புறம்?"

"நீங்க வந்தா மூணு போடலாம். எடம் இருக்குது."

அக்கா உள்ளே போய் இன்னும் கொஞ்சம் கேசரி கொண்டுவந்தாள்.

"பொய் சொன்ன வாய்க்கு ரெண்டாவது கேசரியா?" என்றார் நைனா. ஆனால் சிரிப்பை அடக்க மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

அக்கா தட்டைத் துளசிங்கத்தின் இடது கைப்பக்கமாக வைத்துவிட்டுப் போனாள்.