சுவரைப் பார்த்து நின்ற ஒயின்

ஆலங்கட்டி மழை திராட்சையை நாசம் பண்ணிய வருஷத்துக்கு அடுத்த வசந்தத்தில், ஸெமோகோரி ஊரில் ஒயின் கோப்பைக்குள் சாயத் தொடங்கியது. கோப்பை நேராகத்தான் இருக்கும். உள்ளே ஒயின் மட்டும் தனக்குப் பிடித்த சாப்பாட்டுப் பக்கம் இரண்டு விரல் சரிந்து நிற்கும். முதல் வாரம் மேசைக்காலுக்கு அடியில் மரத்துண்டு செருகிப் பார்த்தோம். இரண்டாம் வாரம் கோப்பையில் பாதி மட்டும் ஊற்றப் பழகிக்கொண்டோம். சிவப்பு ஒயின் பீன்ஸ் குழம்புப் பக்கமும், தேன் நிற ஒயின் ஆட்டுக்கறிப் பக்கமும் சாய்ந்தன. எதற்கு எது பொருத்தம் என்று சாயங்காலம் முழுக்க அடித்துக்கொண்டிருந்த ஆம்பிளைகளுக்குத்தான் வேலை போய்விட்டது.

வம்பு வந்தது, மண்ணில் புதைத்த ஆள் உயர ஒயின் ஜாடிகளைத் திறக்கும் நாளில். அன்றைக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது சமைத்து வைப்பார்கள். ஜாடி திறந்தவர்கள் குடுவையோடு வீடு வீடாகப் போய், தங்கள் ஒயினை அந்தச் சமையலோடு ருசி பார்ப்போம். ஜும்பெர் வீட்டில் அவன் மனைவி லாமாரா, இளம் ஆட்டுக்கறியில் புளிக்கும் பச்சைப் பிளம் காயும் வாசனைத் தழையும் போட்டுச் சாகபுலி வைத்திருந்தாள். அவள் கைமணத்துக்கு ஊரில் ஈடு கிடையாது. மனைவியைப் பறிகொடுத்து ஆறு வருஷமான பக்கத்து வீட்டு உஷாங்கி தன் ஒயினை ஊற்றினான். அது சட்டியைப் பார்த்துச் சாய்ந்த சாய்ப்பில் விரிப்பில் கொட்டியது. ஜும்பெரின் ஒயினோ எதிர்ப்பக்கம் சரிந்து, சுவரைப் பார்த்து நின்றது.

ஜும்பெரின் அக்கா குலிகோதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"பொண்டாட்டி சமையலைப் பார்த்துப் புருஷன் ஒயின் மூஞ்சியத் திருப்புது. பக்கத்து வீட்டான் ஒயின் பல்ல இளிச்சுக்கிட்டு ஓடுது. தம்பி, உனக்குக் கண்ணு இருக்கா இல்லையா?"

அன்றிலிருந்து ஜும்பெர் மனைவியின் சால்வையை மோந்து பார்க்க ஆரம்பித்தான். வேலிக்கு மேல் உப்பு கைமாறுகிறதா என்று பார்க்க, முசுக்கொட்டை மரத்தில் ஏறி நாற்பது நாள் உட்கார்ந்திருந்தான். அவன் தொப்பியில் ஒரு குருவி கூடு கட்டி மூன்று குஞ்சு பொரித்தது. நாங்களும் யோக்கியமில்லை. லாமாரா எந்தப் பக்கம் போனாலும் எங்கள் கழுத்தும் அந்தப் பக்கம் திரும்பியது. உஷாங்கி பாவம், வேலிப்பக்க ஜன்னலுக்கு ஆணியே அடித்துவிட்டான். அதையும் சந்தேகமாகத்தான் பார்த்தோம்.

குஞ்சுகள் பறந்ததும் ஜும்பெர் மரத்திலிருந்து இறங்கி, "உன் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பு," என்றான். "உங்களுக்குள்ள ஒண்ணுமில்லேன்னா ஒயின் ஏன்டி பொய் சொல்லப் போவுது?"

"ஒயின் பொய் சொல்லல," என்றாள் லாமாரா. "போறேன். ஞாயித்துக்கிழமை ஊருக்கே ஆக்கிப் போட்டுட்டுப் போறேன். அவங்கவங்க ஒயினக் கொண்டுவரச் சொல்லு."

தன் உடுப்புகளை ஒரு துணி முடிச்சாகக் கட்டி வாசலில் வைத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தாள்.

முற்றத்து மேசையில் முப்பத்தொரு கோப்பைகள். உஷாங்கியுடையது, பாதிரியாருடையது, ஏன், குலிகோவின் புருஷனுடையதுகூட லாமாராவின் சட்டிப் பக்கம்தான் சாய்ந்தது. ஜும்பெரின் ஒயின் மட்டும் விலகியது. குலிகோ தன் பீன்ஸ் குழம்பை அதன் பக்கத்தில் வைத்தாள். அதையும் விட்டு விலகியது. பாலாடைக்கட்டி, வெறும் ரொட்டி, எதுவும் ஆகவில்லை. நாலு பக்கமும் தட்டு வைத்ததும் போக இடமில்லாமல் நடுவில் திரி போல எழுந்து நின்றது. லாமாரா உள்ளே போய் ஒரு கிண்ணம் சர்க்கரை எடுத்துவந்து வைத்தாள். அடேயப்பா, தாயைக் கண்ட கன்றுக்குட்டி மாதிரி அதன்மேல் பாய்ந்து கொட்டியது.

எங்கள் ஊரில் திருடனைக்கூட மன்னிப்போம். திராட்சைச் சாற்றில் சர்க்கரை போட்டவனோடு சேர்ந்து குடிக்க மாட்டோம்.

"ஆலங்கட்டிக்குத் தப்புன திராட்சை பத்தலன்னு நீ மூணு மூட்டைச் சர்க்கரையையும் பிரிச்சுக் கொட்டுனப்ப நான் கதவுகிட்டதான் நின்னேன்," என்றாள் லாமாரா. "உன் மானம் போயிடக் கூடாதுன்னு ஆறு மாசமா வாயக் கட்டிக்கிட்டிருந்தேன். நீ என் மானத்த ஒரே நாள்ல தெருவுல போட்டுட்டியே, மனுஷா!"

சர்க்கரை போட்டது மறந்தே போச்சு என்று ஜும்பெர் சொன்னான். நாங்கள் நம்பவில்லை. அவன் ஜாடியைக் காலி பண்ணி, உள்ளே இறங்கி, செர்ரிப் பட்டை போட்டு மூன்று நாள் தேய்த்தான். குலிகோ பீன்ஸ் சட்டியோடு வீடு போய்ச் சேர்ந்தாள். உஷாங்கி ஜன்னல் ஆணியைப் பிடுங்கினான். லாமாரா அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை; முடிச்சையும் அவிழ்க்கவில்லை. அது வாசலிலேயே கிடந்தது.

அடுத்த அறுவடையிலிருந்து ஜும்பெர் வெறும் திராட்சையைத்தான் போட்டான். மூன்று வசந்தம் அவன் ஒயின் எந்தப் பக்கமும் சாயாமல் விறைப்பாக நின்றது. நாலாம் வருஷம் சாகபுலியை நடுவில் வைத்து அவன் ஊற்றியபோது, அது சட்டியைக் கண்டுகொள்ளவே இல்லை. லாமாரா உட்கார்ந்திருந்த பக்கமாகச் சாய்ந்தது. பயல் பழக்கத்தை மறந்து பாதிக்கு மேல் ஊற்றியிருந்தான், விரிப்பெல்லாம் கொட்டிவிட்டது. லாமாரா எழுந்து வாசலுக்குப் போய், முடிச்சை அவிழ்த்து ஒரு துணி எடுத்துவந்து துடைத்தாள்.