கயிற்றில் நின்ற உத்தரம்

இரும்பு உத்தரத்தின் ஒரு முனையில் வெல்டிங் முடிந்துவிட்டது. மறுமுனையின் பாரம் முழுக்க மெக்கானிக்கின் இடுப்பில்.

கப்பி வழியாக இறங்கிய கயிற்றை இடுப்பில் சுற்றி, இரண்டு கைகளாலும் இறுக்கிக்கொண்டு நின்றான். கட்டிவைக்கப் பக்கத்தில் ஒரு தூண்கூட மிச்சமில்லை. போன மாதத் தீ கராஜைத் துடைத்துத் தின்றிருந்தது. மேலே, அந்த மறுமுனையில் கால்களைத் தொங்கவிட்டு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தான் அவன் மச்சினன். முகமூடிக்குள் இருந்தவனுக்குப் பொறியைத் தவிர எதுவும் தெரியாது. ஜெனரேட்டர் இரைச்சலில் எதுவும் கேட்காது.

பக்கத்துக் கடை டயர்க்காரன் அந்த நேரம் பார்த்துத்தான் உள்ளே வந்தான். இடத்தைக் கேட்டுக் கிடைக்காமல் கொளுத்திப் பார்த்தவன். தெருவுக்கே தெரியும், சாட்சி சொல்லத்தான் ஆளில்லை. கையில் வீல் ஸ்பேனர்.

அவசரமே இல்லாமல் நலம் விசாரித்தான். கூரை போடுகிறாயாமே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று குறைபட்டுக்கொண்டான். பிறகு முழங்காலில் ஓங்கி ஓர் அடி.

மெக்கானிக் மடங்கினான். கயிறு ஒரு சாண் நழுவ, மேலே உத்தரம் ஆடியது. பல்லைக் கடித்து நிமிர்ந்தான்.

"கயித்த விட்டா நீயும் திருப்பி அடிக்கலாம்ல?" என்றான் டயர்க்காரன். "மச்சினன்தானே. பொண்டாட்டிகிட்ட எதையாவது சொல்லிச் சமாளி."

அடுத்த அடி விரல்களில். எலும்பு நொறுங்கியது. பிடி தளரவில்லை. அதற்கடுத்ததில் காது கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம்.

உத்தரம் ஆடியதில் முகமூடியைத் தூக்கிய மச்சினன் கீழே பார்த்துவிட்டான். இறங்கி வருவதைவிட வெல்டிங்கை முடிப்பது சீக்கிரம். முகமூடியைக் கழற்றி எறிந்தான். வெறுங்கண்ணோடு வெல்டிங் ராடை வைத்தான்.

"விடு மாமா. நிக்கும்" என்று ஜெனரேட்டரை மீறிக் கத்தினான்.

கயிறு தொய்ந்தது. டயர்க்காரன் அண்ணாந்து பார்த்தான். எதுவும் விழவில்லை.

மெக்கானிக் இடுப்புச் சுற்றை உதறினான். விரல்கள் மட்டும் கயிற்றைவிட்டுப் பிரிய மறுத்தன. கயிற்றோடு இறுகிப்போன அந்த முஷ்டியை அப்படியே மூக்கில் இறக்கினான். விழுந்தவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து வாயில், தாடையில், மறுபடி வாயில் குத்தினான். மச்சினன் வந்து இழுத்துப்போட்டிருக்காவிட்டால் அன்றைக்கே காரியம் முடிந்திருக்கும். டயர்க்காரன் பல்லைத் துப்பிக்கொண்டே தெருவுக்குத் தவழ்ந்தான்.

மெக்கானிக்கின் விரல்களைக் கயிற்றிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தான் மச்சினன். இரண்டு நிமிரவே இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாம் என்றான்.

மெக்கானிக் மேலே பார்த்தான். "நேரா நிக்குதா?"

கலங்கிச் சிவந்த கண்களை இடுக்கிப் பார்த்தான் மச்சினன். "கொஞ்சம் கோணல்தான் மாமா."

"அறுத்து எறக்கு. மறுபடி ஏத்துவோம்."