சல்யூட் விழுந்த வியாழக்கிழமை

பன்னிரண்டு வருடமாகப் பேசாத தாய்மாமனின் கடைக்குள், மடித்த செய்தித்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு தங்கச்செல்வி நேராக நடந்து போனாள்.

எம்.ரெட்டியபட்டி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்தது அந்தக் கடை. பம்ப் செட் சாமான்கள் விற்பார்கள்; எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டித் தருவார்கள். சௌந்தரபாண்டியன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிரித்துப் போட்ட மோட்டாருக்குள் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். எதிரே பெஞ்சில் மோட்டாருக்காகக் காத்திருந்த மூன்று சம்சாரிகள். உள்ளே மேஜைக்குப் பின்னால் அவருடைய மகன் உதயகுமார். அவளைப் பார்த்ததும் அவன் எழுந்தான்; எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான்.

"மாமா."

கம்பி நின்றது. "யாரு?" என்றார், தெரிந்துகொண்டே.

"தங்கச்செல்வி. பரளச்சி."

"பள்ளிக்கூடத்து மோட்டாரா?"

அவள் ரெட்டியபட்டிப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர்; பரளச்சியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். "மோட்டார் இல்ல மாமா. பேப்பர்ல ஒரு செய்தி. ருஷ்யாக்காரவுக வானத்துல கட்டி விட்ட வீடு ஒண்ணு கீழ விழப் போகுதாம். சல்யூட்னு பேரு. வர்ற ஏழாந்தேதி வாக்குல."

"எங்க விழுது?"

"அது யாருக்கும் தெரியாது."

"எம்புட்டு கனம்?"

"நாப்பது டன்னு."

"நாலு லாரி லோடு!" என்றார் பெஞ்சில் இருந்த தவசி. அடுத்த நொடி அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஏ அண்ணாச்சி, அப்ப நீங்க படியேறணும்ல?"

சௌந்தரபாண்டியன் கம்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பேச்சு சுற்றுப்பட்டு ஊர் முழுக்கத் தெரிந்தது.

எழுபத்தொன்பதாம் வருடம் ஆனி மாதம், அமெரிக்காக்காரர்கள் வானத்தில் விட்ட ஸ்கைலாப் விழப்போகிறது என்று ரேடியோ சொன்ன நாட்களில் பரளச்சியில் கோழிகள் குறைந்துகொண்டே வந்தன. சாவதுதான் சாவோம், தின்றுவிட்டுச் சாவோம் என்று ஊர் முடிவு செய்திருந்தது. தங்கச்செல்வியின் அப்பா காசிராஜன் பலசரக்குக் கடைக்காரர். எதையும் பெரிய அளவில் செய்பவர். அவர் வீட்டுக் கொட்டத்தில் அப்போது ஒரு கறுப்புக் கிடா நின்றது. அது அவருடையது அல்ல. மச்சினன் சௌந்தரபாண்டியன் தன் குலசாமிக்கு நேர்ந்து விட்டது. ரெட்டியபட்டியில் கட்ட இடமில்லை என்று அக்கா சுப்பம்மாள் வீட்டில் விட்டிருந்தார். "நாளைக்குச் சாமியே இருக்குமோ இருக்காதோ" என்று சொல்லி காசிராஜன் அதை அறுத்துத் தெருவுக்கே சோறு போட்டார். சௌந்தரபாண்டியனும் வந்து சாப்பிட்டார். நல்லி எலும்பைத் தட்டி உறிஞ்சியபடி, "கறி பூவா இருக்கு மச்சான், எந்தச் சந்தையில பிடிச்சீக?" என்று அவர் கேட்டதைப் பந்தியில் பலர் பார்த்தார்கள்.

மறுநாளும் விடிந்தது. ஸ்கைலாப் ஆஸ்திரேலியாப் பக்கம் போய் விழுந்திருந்தது. கொட்டத்தில் கயிறு மட்டும் கிடந்தது.

"சாமி கிடாவ எனக்கே ஊட்டி விட்டுட்டீகளே!" என்று தெருவில் நின்று கத்தினார் சௌந்தரபாண்டியன். "இன்னொரு தடவ இதே மாதிரி வானத்துல இருந்து ஒண்ணு விழட்டும். அன்னைக்குத்தான் உங்க வீட்டுப் படி ஏறுவேன்!"

இன்னொன்று விழாது என்ற தைரியம்தான். அதன்பிறகு காசிராஜன் மூன்று முறை கிடா வாங்கி அனுப்பினார். மூன்றும் திரும்பி வந்தன. அவருக்கு 'ஸ்கைலாப் காசி' என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இப்போது கடையில் தங்கச்செல்வி கேட்டாள், "விழுந்தா வருவீகளா மாமா?"

"சௌந்தரபாண்டியன் வாக்கு மாறினான்னு இந்தத் தாலுகாவுல எவனாச்சும் சொல்லியிருக்கானா?" என்றார் அவர். கம்பி மறுபடி சுற்றத் தொடங்கியது.

வெளியே பஸ்ஸுக்கு நின்றபோது உதயகுமார் பின்னாலேயே ஓடி வந்தான்.

"உனக்கு எம்புட்டு தைரியம்!"

"உங்களுக்கு இல்லாததையும் சேத்து எனக்கே குடுத்துட்டாக போல, அத்தான்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. எட்டாம் தேதி வெள்ளிக்கிழமை, ராகு காலத்துக்கு முன்னால், மதுரையிலிருந்து ஒரு குடும்பம் அவளுக்குப் பூ வைக்க வருகிறது. நல்ல குடும்பம். மாப்பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்கு வருடமாக இந்த பஸ் நிறுத்தத்தில் தினமும் பத்து நிமிடம் அவளோடு நின்று பேசுகிறவன் அவன் அல்ல என்பதைத் தவிர. அப்பாவிடம் அவள் மறைக்கவில்லை. அவரும் திட்டவில்லை. "முறை உள்ளவன் அவன்தான். தாய்மாமன் என் வாசலுக்கு வந்து கேக்கட்டும், கண்ணை மூடிக்கிட்டுக் குடுக்கேன். வராதவன் வீட்டுக்கு நானாப் போயி பொண்ணு இருக்குன்னு சொல்லணுமா?" என்றுதான் கேட்டார். 

ஆகவே சல்யூட் வெள்ளிக்கிழமை காலைக்குள் விழுந்தாக வேண்டும். அப்படி வேண்டிக்கொள்வதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

பிளஸ் டூ படித்த காலத்தில் அவளுடைய இயற்பியல் நோட்டுக்கு அட்டை போட, ருஷ்யாவிலிருந்து வரும் ஒரு வழவழப்பான தமிழ்ப் பத்திரிகையின் தாளைக் கிழித்தாள். அதில் சல்யூட்டின் படம் இருந்தது. தும்பியைப் போல இறக்கை விரித்த நீளமான உடம்பு. கீழே நீலமாக பூமி. படத்தின் பின்பக்கம் இருந்த கட்டுரையைப் படித்தவள், அந்தத் தாளை அட்டை போடாமல் பத்திரப்படுத்தினாள். அதற்குப் பிறகு பருத்திக் காட்டுக்கு மேலே பொழுது சாய்ந்ததும் ஒரு வெளிச்சப் புள்ளி சத்தமில்லாமல் நகர்ந்து போவதைச் சில நாட்களில் பார்த்திருக்கிறாள். அது சல்யூட்தானா, வேறு ஏதாவதா என்று அவளால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் நின்று பார்ப்பாள். மனிதர்கள் கட்டி, மனிதர்கள் குடியிருந்து, நம் நாட்டுக்காரர் ஒருவர்கூட ஒரு வாரம் தங்கிவிட்டு வந்த வீடு. இப்போது ஐந்து வருடமாக ஆளில்லாமல் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அது விழட்டும், சீக்கிரம் விழட்டும் என்று அவளே நினைக்க வேண்டியிருந்தது.

செய்தி பரவியதும் காசிராஜன் கடைக்கு வந்தவர்கள் எல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "அண்ணாச்சி, இந்தத் தடவ கிடா எப்ப?" அவர் புளியை நிறுத்துப் போட்டுவிட்டு, "உன்னைத்தான் அறுக்கலாம்னு இருக்கேன்" என்பார். வீட்டுக்கு வந்தால் வானத்தைப் பற்றி யாரும் பேசக் கூடாது.

வியாழக்கிழமை வந்தது. தேய்பிறை நவமி. நல்ல காரியம் எதையும் யாரும் தொட மாட்டார்கள். தங்கச்செல்வி பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு, மறுநாளைக்காக வீட்டை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். காலைச் செய்தியில் வளைகுடாப் போர் மட்டும் வந்தது. அவள் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்தாள். தேய்த்ததையே மறுபடி தேய்த்தாள்.

"அண்டா ஓட்டையாப் போகும், விடு" என்றாள் சுப்பம்மாள். அவளும் ரேடியோவை விட்டு நகரவில்லை.

மதியச் செய்தியிலும் முதலில் போர்தான். கடைசியில், விளையாட்டுச் செய்திக்கு முன்னால், இரண்டே வரி. சல்யூட் இன்று பூமியின் காற்று மண்டலத்துக்குள் நுழைந்து எரிந்தது, அதன் துண்டுகள் அர்ஜென்டினா நாட்டில் விழுந்தன, உயிர்ச்சேதம் இல்லை. நம் நேரப்படி காலை ஒன்பதே கால் மணி.

அப்போது அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். அங்கே இரவாக இருந்திருக்கும். வானம் முழுக்கத் தீப்பொறியாகச் சிதறியிருக்கும். கண்ணில் நீர் வந்தது. அதோடு சந்தோஷமும் வந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

இரண்டு மணிக்கு வாசலில் டிவிஎஸ் ஐம்பது வந்து நின்றது. உதயகுமார் பின்னால் உட்கார்ந்திருந்தான். சௌந்தரபாண்டியன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தெருவில் பாதிப் பேர் ஏதோ வேலை இருப்பதுபோல வெளியே வந்து நின்றார்கள்.

அவர் யாரையும் பார்க்கவில்லை. மூன்று படிகளையும் ஏறினார். நிலையைத் தாண்டி உள்ளே ஓரடி வைத்து நின்றார்.

"ஏறுவேன்னேன். ஏறிட்டேன். வாரேன்" என்று சொல்லித் திரும்பினார்.

செம்பில் தண்ணீரோடு வந்த சுப்பம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். "தம்பி, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ."

"படியேறுறேன்னுதான் சொன்னேன். கை நனைக்கிறேன்னா சொன்னேன்?"

உள்ளே நாற்காலியில் இருந்த காசிராஜன் எழுந்திருக்கவில்லை. "போறவுகள எதுக்கு மறிக்க? வழிய விடு" என்றார். குரல் மட்டும் உடைந்திருந்தது.

உதயகுமார் தலையைக் குனிந்துகொண்டான். சௌந்தரபாண்டியன் முதல் படியில் இறங்கினார். இறங்கியவர் நின்றார். வந்த வழியெல்லாம் ஒரு சந்தேகம் அவரைக் குடைந்திருக்க வேண்டும்.

"எதுனால விழுந்துச்சாம்? மிசினு ரிப்பேரா?" என்று தங்கச்செல்வியைக் கேட்டார்.

"இல்ல மாமா. ஆள் போக்கு நின்னுபோயி தானாக் கீழ இறங்கிருச்சு. ரிப்பேர் ஆனப்ப ரெண்டு பேரு போயி சரி பண்ணிட்டாக. அது எம்பத்தஞ்சுல."

"அந்தரத்துல போயா?"

"ஆமா. அப்ப அதுல ஆளே இல்ல. திடீர்னு ஒருநாள் பேச்சு மூச்சு இல்லாமப் போச்சு. கரண்டு இல்ல, ரேடியோ இல்ல. எங்கிட்டுத் திரும்பி நிக்குதுன்னுகூடத் தெரியல. செத்துப் போச்சுன்னு விட்டிருக்கலாம். ரெண்டு பேரு சின்ன ராக்கெட்ல கிளம்பிப் போனாக. கண்ணால பாத்தே கிட்ட ஓட்டிப் போயி, கையாலயே சேத்து மாட்டினாக."

"உள்ள?"

"ஒரே இருட்டு. சுவரெல்லாம் பனி. தண்ணி பூராக் கல்லா உறைஞ்சு கிடக்கு. கம்பளித் தொப்பி போட்டுக்கிட்டு, டார்ச் அடிச்சுக்கிட்டு வேலை பாத்தாக. கையில இருந்த தண்ணி கொஞ்ச நாளைக்குத்தான் காணும்."

"பேட்டரி?"

"எல்லாமே காலி."

சௌந்தரபாண்டியன் படியில் திரும்பி ஏறினார். "வெயில்ல கரண்டு எடுக்குற தகடு இருக்கும்ல? சார்ஜ் ஏற வேண்டியதுதானே?"

"தகடு இருக்கு. ஆனா அதைப் பேட்டரியோட சேத்து விடுற சுவிச்சுக்கே கரண்டு வேணும் மாமா."

"அடடா! ஸ்டார்ட்டரே செத்த கேசு!" அவர் உள்ளே வந்து, யாரும் சொல்லாமலே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "அப்ப நேரா வயரைக் குடுக்கணும். நடுவுல எதுவும் இல்லாம."

"அதத்தான் செஞ்சாக. ஒவ்வொரு வயரா உரிச்சு, வெறுங்கையால முறுக்கி. வந்த ராக்கெட்ட வச்சே மொத்த வீட்டையும் வெயிலுக்குத் திருப்பினாக."

"வெறுங்கையால? அந்தக் குளிர்லயா?" தன் கையைப் பார்த்துக்கொண்டார். முப்பது வருடம் செம்புக் கம்பி அறுத்த விரல்கள். "கை உறை போட்டா சின்ன வயரு பிடிபடாது. செய்ய முடியாது. ஏலே உதயா, கேட்டியா? இதுல்ல வேலை!"

"கேட்டேன்ப்பா" என்றான் அவன், வாசலில் நின்றபடி.

"எரிஞ்சுச்சா?"

"எரிஞ்சுச்சு மாமா. முதல்ல ஒரு விளக்கு. அப்புறம் பனி உருகிச் சுவரெல்லாம் தண்ணி. கிடைச்ச துணியால துடைச்சாக. அதுக்கப்புறமும் ஆளுக வந்து அங்க குடியிருந்தாக."

சௌந்தரபாண்டியன் விரல்களால் இல்லாத வயரை ஒருமுறை முறுக்கிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "விட்டுட்டுப் புதுசா ஒண்ணு கட்டியிருக்கலாம்ல? எதுக்கு அம்புட்டு கஷ்டம்?"

"கட்டியிருக்கலாம். ஆனா போனாக மாமா."

அவர் நிமிர்ந்தார். செம்பை இன்னும் கையில் வைத்துக்கொண்டு அக்கா நின்றுகொண்டிருந்தாள். முன் தலை முழுக்க நரைத்திருந்தது. இவ்வளவு கிட்டத்தில் அவர் பன்னிரண்டு வருடமாக அவளைப் பார்த்ததில்லை.

"என்னக்கா குழம்பு?" என்றார்.

சுப்பம்மாள் செம்பை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டாள். தங்கச்செல்விதான் இலையைப் போட்டாள். காசிராஜன் எழுந்து வந்து, செம்பை மனைவியிடமிருந்து வாங்கி, மச்சினன் கையில் அவரே தண்ணீர் ஊற்றினார். இரண்டு பேரும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை.

முதல் கவளத்தைப் பிசைந்த சௌந்தரபாண்டியன் நிறுத்தினார். "யாரு வீட்டுக் கிடாவும் இல்லயே?"

"கத்தரிக்கா மாப்ளே" என்றார் காசிராஜன். "சத்தியமாக் கத்தரிக்கா."

முதலில் சிரித்தது வாசலில் நின்ற தெருதான். பிறகு உள்ளேயும் சிரித்தார்கள். சுப்பம்மாள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

"மச்சான்," என்றார் சௌந்தரபாண்டியன், வாசலில் நின்ற மகனைப் பார்த்தபடி. "உதயா எல்லாம் சொன்னான். மதுரைக்காரவுகளுக்கு ஒரு போன் போட்டு வர வேண்டாம்னு சொல்லிருங்க."

"இன்னைக்கு நவமி மாப்ளே. கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது."

"கல்யாணப் பேச்சா எடுத்தேன்? போன் பேசத்தானே சொன்னேன்? நாளைக்குக் காலையில ராகு காலத்துக்கு முந்தி நாங்க தட்டோட வாரோம். மத்தத அப்பப் பேசிக்குவோம்."

காசிராஜன் சட்டையை மாட்டிக்கொண்டு தபாலாபீசுக்குக் கிளம்பினார். வாசலில் உதயகுமாரைத் தாண்டும்போது, "உள்ள போயி சாப்பிடு. தூணு மாதிரி நிக்கான்" என்றார். உதயகுமார் உள்ளே வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். தங்கச்செல்வி அவனுக்கும் இலை போட்டாள். நிமிர்ந்து பார்க்காமலே, அவன் தன்னைத்தான் பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

சௌந்தரபாண்டியன் சோற்றில் குழி பறித்து வைத்துக்கொண்டு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, வயரு முறுக்கின அந்த ரெண்டு பேரும் இப்ப இருக்காகளா?"

"இருக்காக மாமா. அவுக ஊருலதான் இருப்பாக."

"இன்னைக்குச் செய்தி கேட்டிருப்பாகளோ?"

"கேட்டிருப்பாக."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு இலையைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார்.

"அக்கா, இன்னுங் கொஞ்சம் குழம்பு ஊத்து."