மூன்று வரிசை

தனக்கொடி ஒப்பாரியை இழுத்து நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்ட இடைவெளியில், அஞ்சலாட்சி பின்னல் கூடையைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். ரோஸ் நிறக் கம்பளி உருண்டை மட்டும் விளிம்பில் ஏறி எட்டிப் பார்த்தது. அதையும் குதிகாலால் தட்டி உள்ளே அனுப்பிவிட்டு, சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுதாள். அழுகை பொய்யில்லை. நேற்று மூன்று மணியிலிருந்து நிற்காமல் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் அழுகிறவளின் காலடியில் பாதி ஸ்வெட்டர் கிடந்தால் யார் நம்புவார்கள்?

கூடத்து பெஞ்சில் அவளுடைய அப்பா சின்னக்கண்ணு, தலைமாட்டில் விளக்கோடு படுத்திருந்தார். எழுபத்தாறு வயது. முப்பத்தெட்டு வருஷம் மில்லில் தறி ஓட்டியவர். முத்தியால்பேட்டையில் அந்தத் தெருவில் பாதிக்குப் பாதி அவரோடு வேலை பார்த்த குடும்பங்கள்தான். வந்தவர்கள் மாலையைப் போட்டார்கள், அழுதார்கள், மூக்கைச் சிந்தினார்கள், பிறகு அஞ்சலாட்சியிடம் வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

“கடைசியா என்னா சொன்னாரு?”

முதலில் கேட்டவள் அடுத்த வீட்டுத் தனக்கொடிதான். தெருவில் எந்தச் சாவு விழுந்தாலும் மாலை வாங்குவதிலிருந்து பானை உடைப்பதுவரை அவள் வைத்ததுதான் சட்டம். அவள் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் நிற்க முடியாது. அஞ்சலாட்சி, “தண்ணி கேட்டாருக்கா, குடுத்தேன்” என்று சொல்லிவிட்டாள்.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் தனக்கொடி கையில் ஒரு செய்தி கிடைத்தால் அது கிடைத்தபடியே வெளியே போகாது. நேற்றுச் சாயந்திரமே தண்ணீர் பாலாகிவிட்டது. இன்று காலையில் அஞ்சலாட்சியின் மடியும் வந்து சேர்ந்துகொண்டது.

“மவ மடியிலயே தலைய வெச்சி, ஒரு வாய் பால முழுங்கிட்டு, நீ நல்லா இருக்கணும் தாயின்னு சொல்லிட்டுக் கண்ண மூடுனாரு” என்று அவள் வாசலில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள். “யாருக்குக் கெடைக்கும் அந்தச் சாவு.”

உண்மையில் நடந்தது வேறு. நேற்று மத்தியானம் இரண்டரை மணி இருக்கும். அப்பா கட்டிலில். அவள் அறை வாசலில் உட்கார்ந்து ஸ்வெட்டரின் முதுகுப் பக்கத்தைப் பின்னிக்கொண்டிருந்தாள். வரிசைக்கு அறுபத்து நாலு கண்ணி. இருபத்தேழாவதில் இருக்கும்போது அப்பா, “அஞ்சல” என்றார். “இருப்பா” என்றாள். வரிசையை முடித்துவிட்டு “என்னாப்பா?” என்று நிமிர்ந்தபோது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அப்பாவுக்குக் கோபம் வந்தால் சுவர்தான். ஒரு மணி நேரமானாலும் சுவரோடுதான் குடித்தனம். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டால் நான் வந்து கெஞ்ச வேண்டுமா என்று அவளுக்கும் ஆத்திரம் வந்தது. இன்னும் இரண்டு வரிசை பின்னினாள், ஊசி வேண்டுமென்றே சத்தம் போடும்படி.

மூன்று மணிக்கு மில் சங்கு ஊதியது. சங்கு ஊதினால் அப்பா டீ கேட்பார். வேலையை விட்டுப் பதினெட்டு வருஷமாகியும் ஒரு நாள் தவறியதில்லை. நேற்றுக் கேட்கவில்லை. அப்போதுதான் அவள் ஊசியைக் கீழே வைத்தாள்.

மூன்று வரிசை. அதில் எந்த வரிசையில் உயிர் போனது என்றுகூட அவளுக்குத் தெரியாது. இதைத் தெருவில் யாரிடம் சொல்வது? தனக்கொடியிடம் சொன்னால் நாளைக்கு அஞ்சலாட்சியே ஊசியால் குத்திக் கொன்றதாக ஆகிவிடும்.

அஞ்சலாட்சிக்கு நாற்பத்து மூன்று வயது. கல்யாணமாகி நாலாம் வருஷமே புருஷனைப் பறிகொடுத்து அப்பா வீட்டுக்குத் திரும்பியவள். கடற்கரைப் பக்கம் ஒரு பிரெஞ்சுக்கார மதாம் வீட்டில் சமையல் வேலை பார்த்தாள். மதாம் பின்னுவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கும் கை பழகிவிட்டது. மதாம் ஊருக்குக் கப்பலேறும்போது ஊசிகளை விட்டுவிட்டுப் போனாள். புதுச்சேரி வெயிலில் விசிறிக்கு அடியில் உட்கார்ந்து கம்பளி பின்னுகிறவளைப் பார்த்துத் தெரு சிரித்தது. வீட்டுக்கு ஒருவன் பிரான்சுக்குக் கிளம்பத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது. இந்தத் தெருவிலிருந்து பாரிசுக்குப் போன எவனும் அவள் கையால் பின்னிய சட்டை இல்லாமல் விமானம் ஏறவில்லை. அதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. வேறு எதிலும் பெரிதாக இல்லை.

நாலு வருஷத்துக்கு முன் அப்பா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து படுக்கை. அவரைப் பார்த்துக்கொள்வதும் பின்னுவதும் ஒரே வேளையில் செய்யக்கூடிய காரியங்கள் அல்ல. ஒரு நாளைக்கு நாற்பது தடவை கூப்பிடுவார். விசிறியைத் தள்ளி வை. ஈ உட்காருது. இன்னைக்குச் செவ்வாயா? அவள் கண்ணி எண்ணிக்கொண்டிருப்பாள். “மணி என்னா?” என்று கேட்டால், “அம்பத்தி மூணு” என்று பதில் சொல்லியிருக்கிறாள். கஞ்சி ஊட்டும்போது கரண்டியை எண்ணி, அறுபத்து நாலு வரும்வரை அவர் வாயை மூட விட்டதில்லை என்பது அவருடைய நெடுநாள் புகார்.

கடைசியில் இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். கூப்பிடலாம். ஆனால் அவள் வரிசையை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். அவசரம் என்றால் டம்ளரால் கட்டிலைத் தட்ட வேண்டும். இதற்கு அப்பா ஒத்துக்கொண்டதுதான் ஆச்சரியம். “ஓடுற தறிய உட்டுட்டு எவனாவது போவானா? நூலு அறுந்தா யாரு பதில் சொல்றது?” என்று அவரே நியாயம் சொன்னார். நேற்று அவர் தட்டவில்லை. தட்டவில்லை என்றுதான் அவள் நினைக்கிறாள். அந்த ஊசிச் சத்தத்தில் தட்டியிருந்தால் கேட்டிருக்குமா?

பத்து மணிக்குக் கமலவேணி வந்தாள். பழைய சொல்தா வீட்டுக்காரி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த புருஷனின் பென்ஷனில் மாடி வீடு கட்டியவள். அவள் பேரனுக்குத்தான் இந்த ஸ்வெட்டர். ரோஸ் நிறம் அவனே கேட்டது, பாரிசில் அதுதான் நாகரிகமாம். கமலவேணி அஞ்சலாட்சியைக் கட்டிக்கொண்டு, அவள் தோளில் முகத்தைப் புதைத்து நன்றாகவே அழுதாள். பிறகு காதுக்குள் மெதுவாக, “முதுகு முடிஞ்சிடுச்சா?” என்றாள்.

“இல்ல.”

“வெள்ளிக்கெழம ஃப்ளைட்டு. தீட்டுல பின்னலாமான்னு ஐயர கேட்டேன். கம்பளிக்குத் தீட்டு கெடையாதுன்னு சொல்லிட்டாரு.”

ஆனால் அஞ்சலாட்சியை அதிகம் வாட்டியவன் தம்பி இராமதாஸ். தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவன், மாமனார் வீட்டுப் பக்கம் தனிக்குடித்தனம். நேற்று வந்து சேர்ந்ததும் அவளைக் கொல்லைப்புறம் தனியாக அழைத்துப் போனான்.

“அக்கா, எம் பேரச் சொன்னாராக்கா?”

அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவளால் இல்லையென்று சொல்ல முடியவில்லை. “சொன்னாரு ராமு.”

பின்னாலேயே அவன் மனைவி சந்திரகலா வந்து நின்றாள். பொங்கலன்று குழம்பில் உப்பில்லை என்று மாமனார் சின்னக்கண்ணு கட்டிலில் வைத்த இலையைத் தள்ளிவிட்டதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. “எம் பேர?” என்று அவள் கேட்டாள். அஞ்சலாட்சி, “உம் பேரும்தான்” என்றாள். ஒன்று சொன்ன பிறகு இன்னொன்றுக்கு என்ன கஞ்சத்தனம்? சந்திரகலா அங்கேயே துவைகல்லில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். தெருவில் யாரும் சின்னக்கண்ணுவுக்காக அப்படி அழவில்லை.

பதினொரு மணிக்கு எடுப்பதாக முடிவாகி, அப்பாவை வாசலில் குளிப்பாட்டி, புது வேட்டி சுற்றிப் பாடையில் கிடத்தினார்கள். குளிப்பாட்டியதில் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி அவிழ்ந்து எங்கோ போய்விட்டது.

“துணியோ கயிறோ எதுனா கொண்டாங்க” என்றாள் தனக்கொடி.

யாரும் அசையவில்லை. அவள் சொல்லி இன்னொருவர் செய்வதற்குள் அவளே செய்துவிடுவாள் என்பது எல்லோருக்கும் தெரியும். உள்ளே போனாள், வந்தாள். கையில் ரோஸ் உருண்டை.

உருண்டைக்குப் பின்னால் நூலும் வந்துகொண்டிருந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து புறப்பட்டு, கூடத்தைக் கடந்து, பெண்களின் கால்களுக்கு நடுவே புகுந்து, வாசற்படி இறங்கி. தனக்கொடிக்குக் கண்ணாடி இல்லாமல் கிட்டத்தில் எதுவும் தெரியாது. இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். மிச்ச உருண்டையைக் கால்மாட்டில் வேட்டிக்குள் செருகினாள்.

“மெத்துனு இருக்குது. காலு வலிக்காது” என்றாள்.

அஞ்சலாட்சி வாயைத் திறந்தாள். அது என் பின்னல் நூல் என்றால், கட்டிலுக்கு அடியில் ஏன் கிடந்தது என்பார்கள். ஏன் ஒளித்தாய் என்பார்கள். வாயை மூடிக்கொண்டாள். இராமதாஸ் கொள்ளிச்சட்டியோடு முன்னால் போய் நின்றான். நாலு பேர் பாடையைத் தூக்கினார்கள். மேளம் அதிர்ந்தது.

நூல் விறைத்தது. உள்ளே கூடை கவிழ்ந்து உருளும் சத்தம் கேட்டது. பிறகு ஸ்வெட்டர் தானாகவே புறப்பட்டு வந்தது. கூடத்துத் தரையில் ஊசிகள் தட்டத் தட்ட நடந்து, வாசற்படியில் ஒரு கணம் தயங்கி, இறங்கி, பாடைக்குப் பின்னால் தெருவில் போகத் தொடங்கியது.

முதலில் பார்த்தவள் கமலவேணி. “ஐயோ, எம் பேரன் சட்டை” என்று அவள் போட்ட சத்தத்தில் மேளம் நின்றுவிட்டது.

கொள்ளிச்சட்டி ஏந்தியவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று தனக்கொடி இராமதாஸுக்குச் சொல்லியிருந்தாள். அவன் முன்னால் பார்த்தபடியே, “பின்னாடி என்னா?” என்று கேட்டான்.

“ஒண்ணுமில்லப்பா. ஒரு சட்டை வருது” என்றார் பாடை தூக்கியவர்களில் ஒருவர்.

யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். தனக்கொடி குனிந்து, நூலைக் கையால் தடவிக்கொண்டே போய், மறுமுனையில் என்ன இருக்கிறதென்று கண்டுபிடித்தாள். “அறுத்து வுடு அஞ்சல, நேரமாவுது” என்றாள்.

அஞ்சலாட்சி தெருவில் இறங்கி ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டாள். ஊசி இன்னும் கண்ணிகளுக்குள்தான் இருந்தது. பல்லால் கடித்தால் ஒரு நொடி வேலை. மேலே மூன்று வரிசை. கடித்துவிட்டால் அவை கமலவேணியின் பேரன் முதுகில் ஏறி வெள்ளிக்கிழமை பாரிசுக்குப் போய்விடும். பாலும் மடியும் இந்தத் தெருவில் தங்கிவிடும். நூலைப் பல்லில் வைத்தாள். கடிக்க முடியவில்லை.

“தண்ணி கேக்கல” என்றாள். “பாலும் இல்ல, மடியும் இல்ல. நான் இதப் பின்னிக்கிட்டு இருந்தேன். கூப்ட்டாரு. இருன்னேன். மூணு வரிசை முடிச்சிட்டுத்தான் எழுந்தேன். அதுக்குள்ள போய்ட்டாரு.”

சட்டியின் புகை இராமதாஸின் முகத்தைச் சுற்றியது. அவன் திரும்பவில்லை.

“எம் பேரு?”

“சொல்லல ராமு. நானா சொன்னதுதான்.”

சந்திரகலா தன் பெயரைப் பற்றிக் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். அஞ்சலாட்சிக்கு அங்கேயே மண்ணில் புதைந்துவிடலாம் போல இருந்தது.

இராமதாஸ் கேட்டான். “நீ இருன்னதுக்கு அப்பா என்னா சொன்னாரு?”

இதை அவளிடம் யாருமே கேட்கவில்லை. அவளும் நினைத்துப் பார்க்கவில்லை. நாலு வருஷமாகத் தினம் நாற்பது தடவை அவர் சொல்வது, நேற்றும் சொன்னது. அதை ஒரு பேச்சாகவே அவள் கணக்கில் வைத்ததில்லை.

“முடிச்சிட்டு வான்னாரு” என்றாள்.

தனக்கொடி வாயைத் திறந்தாள். சேர்ப்பதற்கு ஒன்றும் அகப்படவில்லை போலும், மூடிக்கொண்டாள்.

அஞ்சலாட்சி கண்ணிகளிலிருந்து ஊசியை உருவினாள். “இந்த மூணு வரிசை அவரோடது. பிரிச்சி அவரு கூடவே அனுப்பிடறேன். கொஞ்சம் இருங்க.”

“வெயிலு ஏறுதும்மா” என்றார் மேளக்காரர்.

“ஏறட்டும்” என்றான் இராமதாஸ், முன்னால் பார்த்தபடியே. “அக்கா முடிக்கட்டும்.”

அவள் நூலை இழுத்தாள். கண்ணிகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. சுருள் சுருளாக வந்த நூலைக் கையில் சேர்த்து அப்பாவின் காலருகில் வைத்தாள். முதல் வரிசை முடிந்தது. இரண்டாவதை எடுத்தாள். பாடை தூக்கிய நாலு பேரும் தோளை மாற்றிக்கொண்டு நின்றார்கள்.