சுவரில் வைத்த உள்ளங்கை

ஞாயிறு ஆராதனையில் தம்பி பிரசங்கம் செய்வான். அக்கா பக்கத்தில் நின்று அதைக் கைகளால் சொல்வாள். முன் பெஞ்சில் காது கேளாத ஐந்து பேர். அவர்களில் ஒருவர் அவள் கணவர், கொத்தனார்.

சனிக்கிழமை மத்தியானம், தம்பி அனுப்பிய குறிப்பை வைத்து ஒத்திகை பார்த்தாள். தலைப்பு, உயிருள்ள கற்கள். கல்லுக்கு முஷ்டிமேல் முஷ்டியால் தட்டினாள். உயிருக்கு நெஞ்சில் கை வைத்து உயர்த்தினாள்.

எதிரே இருந்த கணவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உயிருள்ள கல்லா? அப்போ மூணாவது மாடிக்கு அதுவே ஏறி வந்திருக்குமே, நான் எதுக்கு முதுகு ஒடியச் சுமந்தேன்?" என்று கைகளால் கேட்டார்.

அவள் தம்பிக்குப் போன் போட்டாள். "ஏன்டா, கல்லுக்கு எப்படிடா உயிர் வரும்?"

"அது ஆவிக்குரிய அர்த்தம்க்கா."

"ஆவியை நான் எந்தக் கையில காட்டறது?"

அரை மணியில் தம்பி மூன்று பக்க உரையோடு வந்து நின்றான். "இயேசு மூலைக்கல், அத்தான். நாமெல்லாம் அவரோட சேர்ந்து ஒரே வீடா ஆகிறோம்." அக்கா அதைக் கைகளால் சொன்னாள்.

கணவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு மச்சினனை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனார். அக்காவும் கூடவே போனாள். அங்கே அவர் கட்டிய மதில் சுவர். அவன் உள்ளங்கையை ஒரு முனையில் அழுத்தி வைத்துவிட்டு, மறுமுனையில் மூலைக்கல்லைச் சுத்தியலால் தட்டினார்.

"அக்கா, அதிர்வு கையில வருது!"

அடுத்து, தரையில் கிடந்த ஒரு கல்லின்மேல் கை வைக்கச் செய்து மறுபடி அதே மூலைக்கல்லைத் தட்டினார். ஒன்றும் வரவில்லை.

அவர் கைகள் பேசின. அக்கா வாய்விட்டுச் சொன்னாள்: "தனியா கிடந்தா வெறும் கல். சேர்ந்துட்டா, மூலையில தட்டினது எல்லாக் கல்லுக்கும் தெரியும். என் வேலையை நான் இப்படித்தான் சரிபார்க்கிறேன்."

ஞாயிறன்று தம்பி மூன்று பக்கத்தையும் பைக்குள் திணித்துவிட்டு இதைத்தான் பேசினான். அக்கா இரண்டு முஷ்டிகளையும் ஒட்டி வைத்து லேசாக அதிரவிட்டாள். முன் பெஞ்சில் ஐந்து தலைகளும் ஆடின. கணவர் உற்சாகத்தில் பெஞ்சின் ஓரத்தை ஓங்கி அடிக்க, மறுகோடியில் இருந்தவர் துள்ளி எழுந்தார். சபையே சிரித்துவிட்டது.

ஆராதனை முடிந்ததும் ஐவரும் வாசலில் வட்டமாக நின்று கைகளால் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்னக்கா சொல்றாங்க?"

"மூலைக்கல்லை முதல்ல வைக்கணுமா, கடைசியிலயான்னு சண்டை."

"யாரு ஜெயிக்கிறா?"

"போய் நீயே பாரு. எனக்கு இப்போ லீவு."

அவள் படியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு, சபையில் கொடுத்த டீயைச் சூடு ஆறுவதற்குள் குடித்தாள்.